ஷரீப் பாண்டியின் பத்துக் கம்பி

தங்கப்பாண்டியன் பால் பாக்கெட் வாங்கினால் முதலில் அதைக் கவிழ்த்துப் பார்ப்பான். ஊசி போட்டுப் பாலை உறிஞ்சிவிட்டுத் தண்ணீர் ஏற்றியிருப்பார்களாம். பஸ்ஸில் ஏறினால், பக்கத்தில் இருப்பவன் தூங்குகிறானா, தூங்குகிற மாதிரி நடிக்கிறானா என்று தேனி வரைக்கும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே போவான். சொந்தக் கல்யாணத்தன்று மாலையும் கழுத்துமாக மேடையிலிருந்து இறங்கிப் போய், ரேடியோ செட்டுக்காரன் நல்ல ஆம்ப்ளிஃபயரைக் காட்டிவிட்டு ஓட்டையை வைத்துவிட்டானா என்று தட்டிப் பார்த்துவிட்டு வந்த ஆள். "அன்னிக்கே நான் எந்திரிச்சு எங்க வீட்டுக்குப் போயிருக்கணும்" என்று அவன் பெண்டாட்டி நாகஜோதி இன்றைக்கும் சொல்லுவாள். அவள் ஏன் அதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறாள் என்று அதிலும் அவனுக்கு ஒரு சந்தேகம்.

பிறவியிலேயே வந்த குணம் என்று முழுக்கச் சொல்லிவிட முடியாது. சுருளிப்பட்டியில் அவன் அப்பாவுக்குத் திராட்சைத் தோட்டம் இருந்தது. அவனுக்குப் பத்து வயதாக இருக்கும்போது ஒரு வியாபாரி வந்து, பழத்தில் நோய் விழுந்துவிட்டது என்று உதட்டைப் பிதுக்கி, பந்தலோடு அடிமாட்டு விலைக்கு எடுத்துக்கொண்டு போனான். மறுநாளே அந்தப் பழம் முதல் தரம் என்று மதுரைக்கு லாரி ஏறியதைப் பையன் கண்ணால் பார்த்தான். அன்றைக்குப் பிடித்தது. அதற்கப்புறம் அவன் நம்பியது ஒரே ஒரு ஆளைத்தான். அது ஷரீப்.

ஷரீப் கம்பத்துக்காரன், கூடப் படித்தவன். இருவருக்கும் மாமன் மாப்பிள்ளை முறை பேச்சில்தான். ஆனால் ரத்த சொந்தம் தோற்றுப்போகும். ஷரீப்புக்கு ஆண்டவன் கொடுத்தது காது. திருவிழாவில் நாலு தெரு தள்ளி குழாய் ஸ்பீக்கர்கள் பாடினால், "மாப்ள, அந்த மூணாவது குழாயில ஒயரு லூசு" என்பான். போய்ப் பார்த்தால் லூசாகத்தான் இருக்கும். தொண்ணூற்றாறில் இருவரும் சேர்ந்து கம்பத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற ரோட்டில் கடை போட்டார்கள். கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுப்பது, கல்யாணம் காதுகுத்துக்கு ரேடியோ செட் கட்டுவது. போர்டில் 'ஷரீப் பாண்டி ஆடியோஸ்' என்று எழுதினார்கள். ஊர் அதை ஒரே ஆள் பெயராக்கிவிட்டது. "ஷரீப்பாண்டி வந்தாச்சா?" என்று கேட்பார்கள். யார் போனாலும் ஷரீப்பாண்டிதான். தங்கப்பாண்டியன் சந்தேகப்படாமல் சந்தோஷப்பட்ட விஷயம் அது ஒன்றுதான்.

இரண்டாயிரத்தொன்றில் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். ஷரீப்பின் சின்னம்மா மகன் எர்ணாகுளத்திலிருந்து ஒரு சி.டி. கொண்டுவந்தான், அதில் பாட்டுப் போடுகிற வினாம்ப் என்ற சாஃப்ட்வேர் இருந்தது. திரையின் மூலையில் சின்னக் கறுப்புப் பெட்டியாக உட்கார்ந்துகொள்ளும். பாட்டு ஓடினால் உள்ளே பச்சையும் மஞ்சளும் சிவப்புமாகக் கம்பிகள் எழும்பி எழும்பி விழும். கீழே இன்னொரு பெட்டியில் மேலும் கீழும் நகர்த்துகிற மாதிரி பத்துக் கம்பி. இடது கோடியை ஏற்றினால் தவில் இடிக்கும். வலது கோடியை ஏற்றினால் ஜால்ராவும் கொலுசும் துலங்கும். ஷரீப் அந்தப் பத்தையும் ஒவ்வொரு மண்டபத்துக்கு ஒவ்வொரு மாதிரி வைப்பான். கம்ப்யூட்டரையே போர்வையில் சுற்றி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கல்யாணத்துக்குப் போன ரேடியோ செட் அந்தப் பள்ளத்தாக்கிலேயே அவர்களுடையதுதான். சுருளிப்பட்டியிலிருந்து லோயர் கேம்ப் வரைக்கும் அவர்கள் சத்தத்துக்கு ஒரு மரியாதை இருந்தது.

எல்லாவற்றுக்கும் ஒரு காலம் உண்டல்லவா! வினாம்பின் மூன்றாம் பதிப்பு வந்தது. கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்கியது. பழையதற்கே திரும்பினார்கள். பிறகு ஐந்தாவது வந்தது. அதற்குள் ஊரே வேறு பக்கம் திரும்பிவிட்டது. விண்டோஸோடு வருகிற பிளேயர் போதும் என்றார்கள் சிலர். ஆரஞ்சுக் கூம்பு படம் போட்ட பிளேயர் ஒன்று வந்தது, எதைப் போட்டாலும் ஓடும் என்றார்கள். கடைசியில் கம்ப்யூட்டரே வேண்டாம் என்று ஆகி, சட்டைப் பையில் போனும் போனுக்குள் பாட்டுமாகத் திரிந்தார்கள். எதிர்த்தாற்போல நல்லகண்ணு என்பவன் மொபைல் கடை திறந்து, மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுத்தான். அங்கே கூட்டம், இங்கே ஈ. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதைதான்.

"நம்மளும் மாறணும் மாப்ள. புதுசா ஒரு பிளேயரு இருக்கு. பாட்டெல்லாம் படவாரியா அதுவே பிரிச்சு வச்சுக்கிருது. கார்டுல ஏத்த லேசு" என்றான் தங்கப்பாண்டியன். இது இரண்டாயிரத்தெட்டில்.

"என்ன வேணாப் போடு. வினாம்ப மட்டும் தொடாத" என்றான் ஷரீப்.

"ஏன்?"

"தொடாதன்னா தொடாத."

அவ்வளவுதான். ஒரு மனுஷன் ஒரு சாஃப்ட்வேரை ஏன் இப்படிக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்? காசு கொடுத்தா வாங்கினான்? அதற்குள் எதையோ வைத்திருக்கிறான். தங்கப்பாண்டியன் வயிற்றுக்குள் அந்தப் பழைய திராட்சை வியாபாரி எழுந்து உட்கார்ந்தான்.

அதற்கப்புறம் பார்த்ததெல்லாம் சாட்சியாகத்தான் தெரிந்தது. பின்னாலிருந்து கூப்பிட்டால் ஷரீப் திரும்புவதில்லை. "கேக்காத மாதிரி நடிக்கிறான்" என்று வீட்டில் வந்து சொன்னான். கடை போன் அடித்தால் எடுப்பதில்லை. "நீ எடு" என்று கையைக் காட்டுகிறான். யார் குரலுக்குப் பயப்படுகிறான்? பத்துக் கம்பியில் வலது பக்கத்து நாலையும் உச்சிக்கு ஏற்றி வைக்கிறான். தங்கப்பாண்டியன் காலையில் இறக்கி வைத்தால் சாயங்காலம் திரும்ப ஏறியிருக்கிறது. ஜெயமங்கலத்தில் ஒரு சடங்கு வீட்டில் சத்தம் காதைக் கிழிக்கிறது என்று பெண்ணின் தாய்மாமன் சண்டைக்கே வந்துவிட்டார். ஷரீப்போ ஒன்றும் நடக்காதவன் மாதிரி நின்றான். நம்ம பெயரை நாமே கெடுப்போமா? கெடுக்கிறான் என்றால் யாருக்காகக் கெடுக்கிறான்?

வினாம்ப் ஒரு வேலை செய்யும். எந்தப் பாட்டு எத்தனை தடவை ஓடியது, கடைசியாக எப்போது ஓடியது என்று எழுதி வைத்துக்கொள்ளும். சந்தேகப்பிராணி கையில் இப்படி ஒரு சாமானைக் கொடுத்தால் விடுவானா? புரட்டினான். ஆரம்பத்தில் கொலுசுச் சத்தம் மட்டும் வருகிற ஒரு பழைய பாட்டு முந்நூற்றுப் பன்னிரண்டு தடவை ஓடியிருந்தது. அதுவும் எந்த நாள் பார்த்தாலும் கடைசியாக ஓடியது பகல் ஒன்றரை மணிக்கு, இவன் சாப்பிடப் போகிற நேரத்தில். ஒரு பாட்டை முந்நூறு தடவை எவன் கேட்பான்? சிக்னல்! எதிர்க்கடை நல்லகண்ணுவுக்குச் சிக்னல்!

"பாட்டுப் போட்டா சிக்னலு குடுப்பாக? அந்தாளு என்ன ரயிலா ஓட்டுறாரு? ஷரீப் அண்ணனப் போயி..." என்று நாகஜோதி தலையில் அடித்துக்கொண்டாள். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயிம்பாக. உங்களுக்குப் பட்டப்பகல்லயே பேயி."

போதாக்குறைக்கு, ஷரீப் இரண்டு வாரத்துக்கு ஒரு வியாழக்கிழமை தேனிக்குப் போய் வந்தான். கேட்டால், "ஒரு சோலி" என்பான். என்ன சோலி என்று சொல்ல மாட்டான்.

ஒரு வெள்ளிக்கிழமை ஷரீப் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தான். பாட்டுப் பட்டியல் எழுதுகிற கேட்லாக் நோட்டுக்குள்ளிருந்து மடித்த தாள் ஒன்று எட்டிப் பார்த்தது. தங்கப்பாண்டியன் ரோட்டை ஒரு தடவை பார்த்துவிட்டு எடுத்தான். மேல் ஓரம் மடிப்பில் கிழிந்து போயிருந்தது. மிச்சமிருந்த ஆங்கில எழுத்தைக் கூட்டிப் படித்தான். 'ஆடியோ' என்று தொடங்கியது. அதற்கு மேல் படிக்க அவனுக்குப் பொறுமை இல்லை. கீழே கட்டம் போட்ட ஒரு படம். கட்டத்தின் தலைமாட்டில் இடமிருந்து வலமாக இருநூற்றைம்பது, ஐந்நூறு, ஆயிரம், இரண்டாயிரம், நாலாயிரம், எட்டாயிரம். வினாம்பின் பத்துக் கம்பிக்கு அடியில் இருக்கிற மாதிரியே எண்கள்! உள்ளே வட்டமாக ஒரு கோடு, பெருக்கல் குறியாக ஒரு கோடு. இரண்டும் இடது பக்கம் மேலே தொடங்கி, வலது பக்கம் போகப் போகச் சரிந்து கிடந்தன.

புரிந்துவிட்டது. வட்டம் ஒரு ஸ்பீக்கருக்கு, பெருக்கல் இன்னொரு ஸ்பீக்கருக்கு. பன்னிரண்டு வருஷத் தொழில் ரகசியம், ஷரீப்பாண்டி சத்தம், அதைக் கட்டம் போட்டு வரைந்து எவனுக்கோ கொடுக்கப் போகிறான். பாவி! தங்கப்பாண்டியன் ரோட்டை இன்னொரு தடவை பார்த்தான். ஒரு கேசட் அட்டையை உருவி, அதன் பின்பக்கத்தில் அந்தச் சரிவை அப்படியே வரைந்துகொண்டு, தாளை இருந்த இடத்தில் வைத்தான்.

வரைந்ததைச் சோதிக்க வேண்டாமா? அட்டையில் இருந்தபடி பத்துக் கம்பியையும் சரித்து வைத்து ஒரு பாட்டை ஓடவிட்டான். சத்தம் கிணற்றுக்குள் முங்கிக் கேட்கிற மாதிரி மொத்தையாக வந்தது. பாடகி என்ன பாடுகிறாள் என்றே தெரியவில்லை. வார்த்தையெல்லாம் கொழகொழவென்று ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தது. இந்தக் கேவலத்தையா ரகசியம் என்று தேனிக்குத் தூக்கிப் போகிறான்? இதில் வேறு ஏதோ சூது இருக்கிறது என்றுதான் அப்போதும் தோன்றியதே தவிர, வேறு எதுவும் தோன்றவில்லை. அப்படி ஒரு புத்தி.

அன்றைக்கே இரண்டு காரியம் செய்தான். வினாம்பைக் கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிட்டு, புதிய பிளேயரை ஏற்றினான். போர்டு எழுதுகிற ராக்கையாவிடம் போய், "புது போர்டு ஒண்ணு வேணும். 'பாண்டி மொபைல்ஸ்'. திங்கக்கெழம மாட்டிரு" என்றான்.

"ஷரீப் அண்ணன் பேரு?" என்றான் ராக்கையா.

"சொன்னத மட்டும் எழுதுடா."

ஞாயிற்றுக்கிழமை காலை உத்தமபாளையத்தில் ஒரு கல்யாணம். மண்டபத்தில் கம்ப்யூட்டரைப் போட்டதும் ஷரீப் மூலையில் அந்தக் கறுப்புப் பெட்டியைத் தேடினான். மவுஸ் இங்கும் அங்கும் ஓடியது.

"எங்க மாப்ள அது?"

"வைரஸு. போயிருச்சு" என்றான் தங்கப்பாண்டியன். ஊரில் ஒருவன் பொய் சொன்னாலும் மோப்பம் பிடிக்கிறவன், கூசாமல் சொன்னான்.

ஷரீப் முகம் வெளுத்தது. புதிய பிளேயரில் ஒரு ஆல்பத்தின் படம் மட்டும் அசையாமல் நின்றது. ஆடுகிற கம்பி எதுவும் இல்லை. ஷரீப் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். மாட்டிக்கொண்டான் என்று தங்கப்பாண்டியன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு பந்திக்குப் போனான்.

இரண்டாவது இட்லியில் கையை வைத்தபோது அந்தச் சத்தம் கேட்டது. பெண்ணின் பெரியப்பா மைக்கைப் பிடித்துக்கொண்டு ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் போய் நின்றுவிட்டார். மைக் ஊளையிட்டது. கூ...வென்று ஆணியை இறக்குகிற மாதிரி ஒரு கீச்சுச் சத்தம், நிற்காமல். கைக்குழந்தைகள் வீறிட்டன. மேளக்காரர்கள் வாசிப்பை நிறுத்திவிட்டார்கள். தங்கப்பாண்டியன் எச்சில் கையோடு ஓடி வந்தான்.

ஷரீப் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில், சத்தத்துக்கு நாலடி தள்ளி, மணமேடைக்கு முதுகைக் காட்டியபடி குனிந்து ஒரு ஒயரை நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தான். வாயில் ஏதோ முணுமுணுப்பு, பாட்டாகத்தான் இருக்கும். தங்கப்பாண்டியன் பாய்ந்து வால்யூமைத் திருகினான். அந்தக் கையைப் பார்த்த பிறகுதான் ஷரீப் நிமிர்ந்தான். திரும்பினான். மண்டபத்தில் முந்நூறு பேரும் காதைப் பொத்திக்கொண்டு அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஷரீப் தன்னுடைய கையைத் தூக்கி, ஒரு கணம் தாமதித்து, தானும் காதைப் பொத்தினான்.

தங்கப்பாண்டியனுக்கு அப்போதுதான் விளங்கியது.

கை கழுவுகிற இடத்துக்கு அவனை இழுத்துக்கொண்டு போனான். "எத்தன நாளாடா?"

"என்னயப் பாத்துப் பேசு மாப்ள. வாயப் பாத்தாத்தான் எனக்கு வெளங்கும்."

"எத்தன நாளா?"

"ரெண்டு வருசமா. மொதல்ல கொலுசு போச்சு. அந்தப் பாட்டு இருக்குல்ல, தெனம் மத்தியானம் போட்டுப் பாப்பேன். நேத்துக் கேட்டது இன்னைக்கும் கேக்குதான்னு. ஒரு நாளு கேக்கல. அப்புறம் ஜால்ரா போச்சு. பின்னாடி நின்னு பேசுனா சத்தம் தெரியும், பேச்சு தெரியாது. தேனியில டாக்டரு ரெண்டு காதுக்கும் கட்டம் போட்டு எழுதிக் குடுத்துட்டாக. வலது பக்கம் போகப் போக எறங்குதாம். திரும்ப ஏறாதாம்."

"அப்புறம் எப்படிரா வேல பாத்த?"

"கம்பியப் பாத்துத்தான். மைக்கு ஒயரையும் கம்ப்யூட்டர் வழியாத்தான் விட்டிருந்தேன். பச்சக் கம்பி ஆடுச்சுன்னா பாட்டு ஓடுது. செவப்புல போயி முட்டுச்சுன்னா மைக்கு ஊளையிடப் போகுது. கண்ணால கேட்டேன் மாப்ள. நீ வைரஸுன்ன. எனக்கு ஒலகமே நின்ன மாதிரி ஆயிருச்சு."

தங்கப்பாண்டியன் சட்டைப் பையில் அந்தக் கேசட் அட்டை குத்திக்கொண்டிருந்தது. கிணற்றுக்குள் முங்கிக் கேட்ட அந்தப் பாட்டு திரும்பவும் அவன் காதில் ஓடியது. அப்படித்தான் இவனுக்கு நான் பேசுவது கேட்கிறதா? நாகஜோதி பேசுவது, இவன் மகள் ஷர்மின் 'அத்தா' என்று கூப்பிடுவது, எல்லாமே அப்படியா? "எங்கிட்டச் சொல்றதுக்கென்னடா?" என்று கத்தினான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"சொன்னா விட்டுருவியோன்னு பயந்தேன்" என்றான் ஷரீப். "காதில்லாதவன் ரேடியோ செட்டுக்கு எதுக்கு? உன்னயச் சந்தேகப்பட்டேன் மாப்ள. தப்புத்தேன்."

"நான் ஏன்டா உன்ன விடப்போறேன்? வேலப்பர் சாமி சத்தியமா விட மாட்டேன்டா. ஷரீப் இல்லாம பாண்டி ஏது?"

அந்த நிமிஷத்தில் அவன் மனசாரத்தான் சொன்னான். அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். போர்டு நினைப்பும் அப்போதே வந்தது. திங்கட்கிழமைதானே, ஊர் போய்ச் சேர்ந்ததும் ராக்கையாவைப் பிடித்து நிறுத்திவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டான். ஆட்டோவில் கம்பம் வருகிற வரைக்கும் ஷரீப்பின் தோளில் போட்ட கையை எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டிக் கிடக்கும், ஏணி போட வசதி என்று ராக்கையா நினைத்துவிட்டான். ஆட்டோ நின்றபோது அவன் ஏணி மேல் நின்று கடைசித் திருகாணியை முறுக்கிக்கொண்டிருந்தான். பழைய போர்டு சுவரில் சாத்தி இருந்தது. மேலே நீல நிறத்தில் பளபளவென்று 'பாண்டி மொபைல்ஸ்'.

போர்டைப் படிக்கக் காது வேண்டியதில்லை. ஷரீப் படித்தான்.

"எழுத்து எப்படிண்ணே?" என்று ராக்கையா மேலேயிருந்து, விவரம் தெரியாமல், அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டான்.

"நல்லாருக்கு. எப்பச் சொன்னாக?"

"வெள்ளிக்கெழமயே சொல்லிட்டாகளே."

ஷரீப் தலையை ஆட்டிக்கொண்டான். ஷரீப் பழைய போர்டை ஒரு தடவை பார்த்தான், அதைத் தொடவில்லை. ஆட்டோவிலிருந்து தன் பையை மட்டும் எடுத்துக்கொண்டு, ரோட்டைத் தாண்டி நடந்தான். எதிர்ச்சாரி கரண்டு போஸ்டுக்கிட்டே போகும்போதுதான் தங்கப்பாண்டியனுக்குக் குரல் வந்தது.

"ஷரீப்பூ! ஏ ஷரீப்பூ!"

ஷரீப் திரும்பவில்லை.

மறுநாள் தங்கப்பாண்டியன் அவன் வீட்டுக்குப் போனான். ஷரீப்பின் வீட்டுக்காரி லத்திபா வாசலுக்கு வந்தாள். "குமுளியில எங்க அண்ணன் ஏலக்கா கடைக்குப் போயிட்டாகண்ணே. இனிமே அங்கனதானாம்."

"நான் ரோட்டுல கூப்பிட்டேம்மா. அவனுக்குக் கேக்கல. கூப்பிட்டேன்னு மட்டும் சொல்லு."

"சொல்றேண்ணே" என்றாள்.

புது போர்டை அன்றைக்கே கழற்றிப் பழையதை மாட்டினான். ஷரீப் வரவில்லை, தகவலும் இல்லை. கேட்கவில்லை, அதனால்தான் திரும்பவில்லை என்று தங்கப்பாண்டியன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு மாசம் ஓட்டினான். ஆனால் ஆள் யார்? தன்னையே நம்பாதவன் ஆயிற்றே. கேட்கவில்லையா, கேட்டும் திரும்பவில்லையா என்று அரிக்க ஆரம்பித்துவிட்டது.

ஒரு மத்தியானம் எர்ணாகுளத்திலிருந்து வந்த, ஷரீப் தன் கையால் பெயர் எழுதி வைத்திருந்த அந்தப் பழைய சி.டி.யைத் தேடி எடுத்து வினாம்பை ஏற்றினான். மைக்கைப் பிடித்து, அன்றைக்குக் கூப்பிட்ட அதே சத்தத்தில் கூப்பிட்டுப் பதிந்தான். கேசட் அட்டையை எடுத்து வைத்து, அதில் இருந்தபடியே பத்துக் கம்பியையும் சரித்தான். ஸ்பீக்கரைக் கடை வாசலுக்கு இழுத்து வைத்து, திரும்பத் திரும்ப ஓடுகிற மாதிரி போட்டுவிட்டு, ரோட்டைத் தாண்டிப் போய் அந்தக் கரண்டு போஸ்டுக்கிட்டே முதுகைக் காட்டி நின்றான். இவனுக்கு என்ன ஆயிற்று என்று நல்லகண்ணு கடைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு பஸ் போனது. அது போன பிறகு கேட்டது. முன்னாலிருந்த 'ஷ' இல்லை. பின்னாலிருந்த 'ப்பு'வும் இல்லை. நடுவிலிருந்த 'ரீ' மட்டும் மொத்தையாக, நீளமாக, போஸ்ட் வரைக்கும் வந்தது. தன் பெயர் என்று தெரிந்துகொள்ள ஒருவனுக்கு அது போதும். கூப்பிடுவது யார் என்று தெரிந்துகொள்ளவும் போதும்.

கேட்டிருக்கிறான்.

தங்கப்பாண்டியன் போஸ்டைப் பிடித்துக்கொண்டு, போகிற வருகிறவர்கள் பார்க்க, விம்மி விம்மி அழுதான். கடை வாசலில் அது கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.